மேல் குருவி, கீழ் குருவி

அந்த வாரம் முழுக்க என் வீட்டுக்காரருக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உட்காருவார், எழுந்திருப்பார், ஜன்னல் கம்பியில் உரிந்த பெயிண்டைச் சுரண்டுவார். போட்ட சாப்பாடு அப்படியே ஆறிக் கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காட்டுக்குள் குருவி எண்ணுவதுதான் இவர் வேலை. ஆராய்ச்சி நிலையத்தில் இருபது வருஷமாகிறது. ஆறு மாதத்துக்கு முன் என் தம்பியும் அங்கேயே சேர்ந்து, எங்களோடு தங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே பாதையில் எண்ணுகிறான். வம்பு வந்தது ஒரு சுண்டுவிரல் அளவுப் பச்சைக் குருவியால். அது புதருக்குள்தான் பூச்சி பிடிக்கிறது என்று இவர் எழுதியிருந்தார். மர உச்சியில்தான், கீழே இறங்குவதே இல்லை என்று அவன் எழுதியிருந்தான். நிலையத்து மேடம் இரண்டு நோட்டையும் பார்த்துவிட்டு, யாரோ ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுகிறீர்கள், வெள்ளிக்கிழமை நானே கூட வருகிறேன், பொய் எழுதினவருக்கு அன்றோடு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

யார் பொய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். இரண்டு வருஷம் முன்னே குருவி பிடிக்க வலை கட்டும்போது ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து இவருக்குக் கழுத்து மேலே தூக்காது. தினமும் தைலம் தேய்க்கிறவள் நான்தானே. வேலை போய்விடும் என்று பயந்து நாங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை, தம்பியிடம்கூட. இப்போது வாயைத் திறந்தால் புருஷனுக்கு ஆபத்து, மூடினால் தம்பிக்கு ஆபத்து. இருதலைக் கொள்ளி எறும்பாக நான்தான் தவித்தேன்.

வெள்ளிக்கிழமை டீ ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மேடம் முறைத்தார், முறைக்கட்டும். ஒரு பெரிய மரத்தடியில் தம்பி அண்ணாந்து அதோ என்றான். இவர் புதரைக் காட்டி இதோ என்றார். அதே குருவிதான், இறங்கி வந்துவிட்டது என்று ஒருத்தர். ஏறிப் போய்விட்டது என்று ஒருத்தர். அரை மணி நேரம் இதே கூத்து. எனக்குப் பொறுக்கவில்லை.

"கழுத்துதானே தூக்காது? மல்லாக்கப் படுங்க."

சொன்ன பிறகுதான் மேடம் நிற்பது உறைத்தது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சருகு மேல் படுத்தார். உச்சிக் கிளையையே பார்த்தவர் விரலை நீட்டினார்.

"ரெண்டு இருக்கு மேடம். காதுகிட்ட ஒண்ணு கத்துது, உச்சியில ஒண்ணு வேற மாதிரி கத்துது."

மேடம் தொலைநோக்கியில் பார்த்தார். மேலே இருந்ததற்குக் கால் மஞ்சள், கீழே இருந்ததற்குக் கறுப்பு. மற்றபடி ஒரே அச்சு. ஒரே மரத்தில் மாடி வீடு, கீழ் வீடு என்று பிரித்துக்கொண்டு, ஒன்றின் பூச்சியில் ஒன்று வாய் வைக்காமல் பிழைத்திருக்கின்றன. அண்ணாந்தே பார்த்தவனுக்குக் கீழது தெரியவில்லை, குனிந்தே பார்த்தவருக்கு மேலது தெரியவில்லை.

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் மேடம் தம்பி பக்கம் திரும்பினார்.

"மேல, கீழ ரெண்டையும் நீ ஒருத்தனே பாத்துடுவியா?"

இவர் எழுந்திருக்கவே இல்லை. படுத்தபடி என் முகத்தையே பார்த்தார். தம்பி சட்டை நுனியால் தொலைநோக்கியைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"முடியாது மேடம். எனக்கு முட்டி வலி, குனிஞ்சா எந்திரிக்க முடியாது. கீழ மாமாதான் பாக்கணும்."

முந்தின நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் துவைக்கிற கல்லுக்குச் சிமெண்ட் பூசினவன் அவன்.

இவரைத் தூக்கிவிட அவன்தான் நன்றாகக் குனிந்து கை கொடுத்தான். மேடம் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் நோட்டில் மேல், கீழ் என்று இரண்டு பேர் பெயரையும் எழுதினார்.