அல்மாரிக்குள் ஒரு மொழி

எங்கள் மாமாவிடம் எத்தனை பாஷை தெரியும் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் அன்றைக்கு வீடு போய்ச் சேர மாட்டார். அம்மாவின் தம்பியான அவர் எங்களோடுதான் இருந்தார். அடுகோடிப் பேட்டையில் மோட்டார் ரிப்பேர் ஷெட் வைத்திருந்தார். பால்காரரிடம் கன்னடம், சிவாஜிநகர் பாய்களிடம் உருது, போலீஸ்காரரைக் கண்டால் இங்கிலீஷ். தமிழில்தான் கொஞ்சம் தகராறு. வாழைப்பழம் அவர் வாய்க்குள் போகும்போது வாழைப்பழம்தான், பேச்சாக வெளியே வரும்போது ‘வாயப்பயம்’ ஆகிவிடும். அப்பா அதைச் சொல்லிக் காட்டினால் இருவருக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது.

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் மாடி அறைக்குத் தைவானிலிருந்து ஓர் அக்கா குடிவந்தாள். கல்லூரியில் பேச்சொலிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். சீனம் பேசுவாள் என்று நினைத்தோம். அதுவும் பேசுவாள், ஆனால் தாய்மொழி அமிஸ். அந்தத் தீவின் பழங்குடிகளில் ஒரு கூட்டத்தாரின் மொழி. மலாய்க்கும் பிலிப்பைன்ஸ்காரர்களின் பேச்சுக்கும் தூரத்துச் சொந்தம். அதிலேயே அவளுடைய அம்மா ஊர்ப் பேச்சு ஒரு மாதிரி, அப்பா ஊர்ப் பேச்சு வேறு மாதிரி. இரண்டையும் பேசிப் பதிவு செய்து ஒப்பிடுவதுதான் அவள் படிப்பு.

“இதுக்கெல்லாமா டிகிரி குடுக்கறாங்க?” என்றாள் அம்மா. அப்படியானால் எங்கள் வீட்டுக்கே நாலு டிகிரி தரலாம் என்றார் அப்பா, மாமாவைப் பார்த்துக்கொண்டே.

ஒரு சாயங்காலம் சூடாகப் போண்டா எடுத்துக்கொண்டு மாடிக்குப் போன அம்மா, போன வேகத்தில் தட்டோடு திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அய்யோ, அந்தப் பொண்ணு அல்மாரிக்குள்ள பூந்துக்கினு தனியா பேசுதுடா!”

மாமா ஸ்பேனரோடு மாடி ஏறினார். விஷயம் ஒன்றுமில்லை. பக்கத்துப் பட்டறை லேத், எதிர்வீட்டுக் குக்கர், ஆட்டோ ஹார்ன் எதுவும் பதிவில் விழக் கூடாது என்று, துணிகள் தொங்கும் அல்மாரிக்குள் உட்கார்ந்து, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு மைக்கில் பேசியிருக்கிறாள் பாவம். அன்றிலிருந்து ஐந்து மணிக்கு மேல் எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை. அம்மாவுக்கு இளகின மனசு.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்பேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் அம்மா ஊர் மாதிரி மூன்று தடவை சொல்வாள், பிறகு அப்பா ஊர் மாதிரி மூன்று தடவை. முதல் மாதிரிதான் எனக்குப் பிடித்தது. அதில் ஓர் ஒலிக்கு நாக்கை மேலே ஒட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் புஸ்ஸென்று காற்று விட வேண்டும். இன்னொன்று தொண்டையில் அடைத்துக்கொண்டு நிற்கும், விக்கல் வரப்போகிற மாதிரி. பள்ளிக்கூடப் பாடம் எதுவும் எனக்கு அவ்வளவு சீக்கிரம் மனப்பாடம் ஆனதில்லை.

ஒரு நாள் அக்கா எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அவளைக் கையோடு அழைத்துப் போக அப்பா வருகிறாராம். எவனும் கேட்காத பேச்சை இவ்வளவு தூரம் வந்து தனியாகப் பேசிக்கொண்டிருப்பது என்ன படிப்பு என்று அவருக்குக் கோபம். இன்னும் ஆறு மாதம் இருந்தால் முடிந்துவிடும். பாதியில் விட்டால் எல்லாம் வீண்.

“அழாதம்மா. நான் பேசிக்கிறேன்,” என்றார் மாமா.

வருகிறவருக்கு இங்கிலீஷ் வராது. எந்த மனுஷனையும் அவன் பாஷையிலேயே வாங்க என்று கூப்பிட்டால் பாதி இறங்கி வந்துவிடுவான், கொத்தா, தெரியுமா, இது என் சர்வீஸில் கண்டது என்று மாமா என்னை ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அக்காவிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அமிஸில் வணக்கம் எப்படி என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அக்கா தினமும் அதிகமாகச் சொல்கிற வாக்கியம் தெரியும். நாற்பது தடவை சொல்வது வணக்கமாகத்தானே இருக்கும்? அதையே, எனக்குப் பிடித்த அம்மா ஊர் மாதிரியில், சொல்லிக்கொடுத்தேன். ‘ழ’ வராத மாமாவுக்கு அந்தப் பக்கவாட்டுக் காற்று மட்டும் அம்சமாக வந்தது.

அக்காவின் அப்பா ஒரு பெரிய காலிப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெண்ணின் சாமான்களைக் கட்ட. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமா வெள்ளைச் சட்டையில் முன்னால் போய், கை கூப்பி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அந்த வாக்கியத்தைச் சொன்னார். கற்றது கற்றபடியே, மூன்று தடவை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகுதான் எங்களுக்கு அர்த்தம் சொன்னாள்: ‘நான் எலி என்று இன்னொரு தடவை சொல்கிறேன்.’ சொற்களை ஒரே மாதிரி உச்சரித்துப் பதிவு செய்ய வைத்திருந்த வாக்கியமாம். எலி இருந்த இடத்தில் மற்ற நாள் மீன் இருக்கும், காய்கறி இருக்கும். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்காவின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லி மாமாவிடம் கையைக் காட்டினார். மாமா உற்சாகமாகச் சொன்னார். வந்தவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, மூக்கு சிவக்க அழுதார்.

நாங்கள் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டோம், எல்லாம் என்னால் வந்தது, அக்காவை இப்போதே இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று பீரோ பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனால் அன்று முழுக்க அவரும் அந்த அல்மாரிக்குள் தலையை விட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவுகளைக் கேட்டபடியே இருந்தார். மறுநாள் பெண்ணை இங்கேயே விட்டுவிட்டு, அம்மா கொடுத்த முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அக்காவின் அம்மா அதற்கு முந்தைய வருடம் இறந்துபோனதும், சீனமே பேசும் நகரத்தில் அவளுடைய ஊர்ப் பேச்சு அக்காவின் அப்பா காதில் விழ வேறு ஆளே இல்லாமல் போனதும் பல வருடம் கழித்து எங்கள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெரிய மனிதரை அழ வைத்துவிட்டேன் என்பதுதான். டாக்ஸியில் ஏறப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே சத்தியமா அந்த மாதிரி பேச மாட்டேன் அங்கிள்,” என்றேன்.

என்ன சொல்கிறேன் என்று அவர் பெண்ணைக் கேட்டார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை மட்டும் அவருக்குச் சொல்லவே இல்லை.