கவுன்சிலருக்கு முதல் டம்ளர்

டாக்டருக்குப் படித்தவர்கள் வியாதியைப் பார்த்து மருந்து எழுதுவார்கள். எங்கள் படிப்பில் வியாதியைப் பார்த்து மனு எழுதுவோம்.

பொது சுகாதாரத்தில் மேற்படிப்பு. அதிலும் நான் எடுத்த பிரிவுக்கு அட்வகசி என்று பெயர். ஊருக்கு நோய் வராமலிருக்க என்ன செய்யணுமோ, அதைச் செய்யக்கூடிய ஆளைப் பிடித்து, அவர் செய்து முடிக்கிறவரை விடாமல் பேசுவது. அவ்வளவுதான். இதற்கு ஒரு பட்டம். "சார் மீட்டிங்ல இருக்காரு" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன அன்பர்களே, நீங்களும் இந்தப் படிப்பில் பாதியை முடித்தவர்கள்தான். வாங்க, இப்படி பெஞ்சில் பக்கத்தில் உட்காருங்க.

ஊசி போடத் தெரியாதா?

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிதான். பங்குனி பிறந்ததும் பக்கத்து வீட்டுப் பத்மா அக்காவின் தறிச் சத்தம் நின்றுபோனது. எட்டிப் பார்த்தேன். படுத்திருந்தாள், கண்ணெல்லாம் மஞ்சள். எதிர்வீட்டிலும் ஒருத்தருக்கு அதே கதை. "பெரிய படிப்பு படிக்கிறியே, ஒரு ஊசி போட்டு உடேன்மா" என்றாள். எனக்கு ஊசி போடத் தெரியாது என்றேன். கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்த அவள் மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

எனக்கோ எங்கள் வீட்டு ஞாபகம் வந்தது. சாக்கடை கலந்த தண்ணீரால் வருகிற ஒரு வகைக் காமாலை, மற்றவர்களைக் கொஞ்ச நாள் படுக்கப் போட்டுவிட்டு எழுப்பிவிடும். கர்ப்பிணி என்றால் உயிருக்கே உலை வைக்கும் என்று அப்போதுதான் வகுப்பில் நடத்தியிருந்தார்கள். எங்கள் அண்ணி செல்விக்கு ஏழாம் மாசம். பத்மா அக்கா பிடிக்கிற அதே தெருக்குழாய்தான் எங்களுக்கும். ஓடி வந்து, இனிமேல் கொதித்து ஆறின தண்ணீர்தான் என்று கத்தினேன். தறியில் உட்கார்ந்திருந்த அண்ணி, குழாய்த் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"போ ரேவதி, கொதிக்க வெச்ச தண்ணி எவ்ளோ குடிச்சாலும் தாகமே அடங்க மாட்டேங்குது."

உடனடி நடவடிக்கை

"எங்கள் தெருக்குழாய்த் தண்ணீர் நாறுகிறது. உடனடியாகத் தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." இப்படி எழுதி வார்டு இன்ஜினியரிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்து, "கண்டிப்பா எடுக்கிறோம்மா" என்றார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் நடவடிக்கை எடுத்தேவிட்டார்கள். குழாயைக் கழற்றிக்கொண்டு போய், பைப் வாயில் ஒரு மரக்கட்டையை அடித்திருந்தார்கள்! குழாய் இல்லையென்றால் புகாரும் இல்லை பாருங்கள். அடுத்த தெருவுக்குப் போவதும் அதே பைப்தான், அதே நாற்றத் தண்ணீர்தான். அதை இப்போது தூரத்திலிருந்து சுமக்கணும். அண்ணி அந்த வயிற்றோடு இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. குடத்தைப் பிடுங்கிக்கொண்டேன். தெருப் பெண்கள் எல்லாம் திரண்டு போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் குழாய் திரும்பி வந்தது. பத்மா அக்காவின் மாமியார் வாசலில் நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அம்மா தாயே, நீ மனு குடுத்தா வேலை நடக்குதுன்னு தெரிஞ்சிபோச்சி. இன்னொரு மனு மட்டும் குடுத்துடாதம்மா."

பல் டாக்டர் அதிகாரியானார்

எங்கள் வகுப்பில் ஒருத்தர் அதிகாரியாக உட்காரணும், இன்னொருத்தர் அவரிடம் கோரிக்கை வைக்கணும். இதற்கு மார்க் உண்டு. என் முறை வந்தபோது அதிகாரி நாற்காலியில் நசீர். செவிலிமேட்டிலிருந்து வருகிறவர், பல் டாக்டர், பரம சாது. அவரைப் பார்த்ததும் எனக்கு அந்த மரக்கட்டைதான் ஞாபகம் வந்தது. ஆரம்பித்தேன் பாருங்கள்! உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இப்படித்தான் செய்வீர்களா, நீங்கள் குடிப்பீர்களா அந்தத் தண்ணீரை என்று மேஜையைத் தட்டித் தட்டிக் கேட்டேன். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மனிதர் வேர்த்துப்போய், கர்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் சரிங்க, இவ்ளோ நேரம் திட்டினீங்களே, நான் எந்த எடத்துல தோண்டணும்னு சொல்லவே இல்லையே?"

சாமி வரும் ரோடு

எந்த இடம் என்று அதற்கப்புறம்தான் தேடினேன். தெருமுனையில் பைப் சாக்கடைக்கு அடியில் புகுந்து போகிறது. தண்ணீர் விடும்போது அங்கே ரோடு கசியும்; நிறுத்தினால் அந்தக் கசிவு வழியாகவே சாக்கடை உள்ளே இறங்கும். முதலில் வருகிற குடங்கள் நாறுவது அதனால்தான். போட்டோ எடுத்து, இந்த இடத்தைத் தோண்டுங்கள், இந்தத் துண்டை மாற்றுங்கள் என்று எழுதி எடுத்துப் போனேன். இன்ஜினியர் இந்தத் தடவை நிஜமாகவே படித்தார். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தெரு முருகர் கோயில் உத்திரத்துக்காக அந்த ரோட்டுக்குத் தார் போட ஆர்டர் ஆகிவிட்டதாம். தார் போட்டுவிட்டால் புது ரோட்டை வெட்ட யாரும் இப்போதைக்கு அனுமதி தரமாட்டார்கள். கவுன்சிலர் சொன்னால்தான் உண்டு என்றார்.

வீட்டுக்கு வந்தால் தெருமுனையில் ஜல்லி கொட்டியிருந்தது. உள்ளே அண்ணி காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு கிடந்தாள். சோற்று வாசனையே ஆகவில்லை என்றாள். அவள் கண்ணை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அண்ணன் குமார் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். ரிசல்ட் மறுநாள்தான். நான் நேராகக் கவுன்சிலர் வீட்டுக்கு ஓடினேன். நல்ல மனுஷன்தான், மோர் கொடுத்து உட்காரவைத்தார். முழுசாகக் கேட்டும் முடித்தார்.

"திருவிழா முடியட்டும்மா, பாத்துக்கலாம். சாமி வர்ற ரோட்டை நோண்டச் சொல்றியே, உனக்கே நல்லாருக்குதா?"

அழைப்பு

அவர் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே வெளியே வந்தபோதுதான் பொறி தட்டியது. உத்திரத்தன்று எங்கள் தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடுவோம். வருஷா வருஷம் திறந்து வைப்பது கவுன்சிலர். முதல் டம்ளர் அவருக்குத்தான், போட்டோவோடு. பத்மா அக்காவிடம் போய்ச் சொன்னேன். இன்னும் கண் மஞ்சள் போகவில்லை, நிற்கவே முடியவில்லை அவளுக்கு. ஆனாலும் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்று சாயங்காலமே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, இரண்டு பேருமாகப் போய்க் கவுன்சிலரை அழைத்தோம். "இந்த வருஷம் மோருக்கு நம்ம தெருக்குழாய்த் தண்ணிதாண்ணே. முதல் டம்ளர் உங்களுக்கு" என்றேன்.  அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட அண்டாவில் விழாது என்று எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். "அதுக்கென்னம்மா, குடிச்சிட்டாப் போச்சு" என்று அவர் சொல்லிவிட்டால் என் பாடு அதோகதிதான். அவர் என்னைப் பார்த்தார். பத்மா அக்காவின் கண்ணைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கண்ணை விட்டு அவர் பார்வை நகரவில்லை. கேன் தண்ணீர் வேண்டிய மட்டும் தானே அனுப்பி வைப்பதாகச் சொன்னார். பத்மா அக்கா பணிவாகத் தலையை ஆட்டி மறுத்தாள்.

"தெருவே அதைத்தான் குடிக்குதுண்ணே. உங்களுக்கு மட்டும் கேன் தண்ணி வெச்சா சாமிக்குத்தம் ஆயிடாதா?"

குழி

மறுநாள் காலையில் தார் வண்டி வரவில்லை. கடப்பாரையோடு ஆள் வந்தார்கள். நான் காட்டிய இடத்திலேயே தோண்டினார்கள்.  பைப் நன்றாக இருந்துவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது. ஆனால் குழிக்குள் கறுப்புத் தண்ணீர் நின்றது. அதை இறைத்ததும் பைப்பின் வெடிப்பு பல்லைக் காட்டியது. பார்த்த பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார்கள். பத்மா அக்காவின் மாமியார் மட்டும் குனிந்து பார்த்தபடியே நின்றாள். "இதையா குடிச்சிக்கினு இருந்தோம்?" என்றாள்.

நான் குழியைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியிலேயே வந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. காமாலை இல்லையாம். வெறும் பித்த வாந்தியாம். ஜல்லிக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தெருவே பார்க்கிறது என்று தெரிந்தும் அழுகையை நிறுத்த முடியவில்லை.

"ரிசல்ட் நல்லா இருக்குதுன்னுதானேடி சொன்னேன், அதுக்கு ஏன் இப்டி அழுவுற?"

தாகம்

புதுத் துண்டு போட்டார்கள், பைப்பைக் கழுவினார்கள், குழியை மூடினார்கள், தார் போட்டார்கள். குளோரின் இருக்கிறதா என்று நானே டம்ளர் தண்ணீரில் சோதனை மருந்தைச் சொட்டு விட்டுப் பார்த்தேன், இருந்தது. இருந்தாலும் பைப்பை மாற்றியதும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற படிப்பு இல்லை எங்களுடையது. முந்தின நாளே அண்டா அண்டாவாகத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறப் போட்டேன். பத்மா அக்காவைத் தவிர யாருக்கும் மூச்சு விடவில்லை.

உத்திரத்தன்று கவுன்சிலர் வந்தார். ரிப்பன் வெட்டினார். டம்ளரைக் கையில் வாங்கினார். போட்டோக்காரர் தயார். மனிதர் டம்ளரை அப்படியே என் பக்கம் நீட்டி, "நீ மொதல்ல குடிம்மா" என்றார்.  ஒரே மூச்சில் குடித்துக் கவிழ்த்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். அடுத்த டம்ளரை வாங்கி வாயில் வைத்தார். அதே நேரம், கூட்டத்தில் வழி விடச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்த அண்ணி, ஒரு டம்ளரை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். கவுன்சிலர் காதில் விழுகிற மாதிரி உரக்கவே கேட்டாள்.

"ஏய் ரேவதி, இது கொதிக்க வெச்ச தண்ணிதானே? தாகமே அடங்கலையே!"

கவுன்சிலரைக் குடிக்கவைக்கவும் இன்ஜினியரைத் தோண்டவைக்கவும் எங்கள் படிப்பில் வழி இருக்கிறது, எங்கள் அண்ணியை ஒரு செம்பு வெந்நீர் குடிக்கவைக்கிற பாடத்தை மட்டும் எந்தக் கல்லூரியிலும் இன்னும் ஆரம்பிக்கவில்லை.