லோடு அக்கா போட்ட எட்டுகள்

கொத்தனார் முதல் கட்டட முதலாளி வரை எல்லோருக்கும் அவள் லோடு அக்காதான். ஐந்து பெண்களில் நான்காவது. மூத்தவள் தையல்காரி. இரண்டாமவள் பள்ளிக்கூட ஆயா. மூன்றாமவள் மூத்த அக்கா புருஷனின் தம்பிக்கே வாழ்க்கைப்பட்டு, கூடப் பிறந்தவளுக்கே ஓரகத்தி ஆனவள். கடைக்குட்டி கடல் தாண்டிப் போய்விட்டாள். நான்காவதுக்கு வாய்த்தது பிக்கப் வண்டி.

புருஷன் சிமெண்ட் மூட்டை அடுக்கின்மேல் இருந்து விழுந்து இடுப்பு முறிந்து, இனி கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன மாதமே அவள் லைசன்ஸ் எடுத்தாள். நான்கு வருடமாகக் கல்லும் மணலும் ஏற்றி இறக்குகிறாள். ஓட்டுவதை விட்டாரே தவிர, வண்டியைப் பேணுவதை அவர் விடவில்லை. அடுத்தவன் ஸ்பேனர் பட்டால் அவருக்கு ஆகாது. வலிக்கிற இடுப்போடு தரையில் சாக்கை விரித்துப் படுத்து, ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டுப் பின் அச்சுக்குப் புது ஆயில் மாற்றினார்.

அதிலிருந்து பிடித்தது சனி. நேர் ரோட்டில் வண்டி பூனை மாதிரிப் போகும். சந்தில் திருப்பினால் போதும், பின்னால் ‘கடகட’வென்று அடித்து உதறும்.

"கிளட்ச்ச வெடுக்குனு விடுற. அதான் அடிக்குது," என்றார் புருஷன்.

"திரும்பறப்ப கிளட்ச் பக்கம் என் காலே போகாதுங்க."

"நான் பதினெட்டு வருசம் ஓட்டினேன். ஒரு நாள் முனகியிருக்குமா?"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனாருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "என் மகன் டிரைவர் வேலை போய் வீட்ல உக்காந்திருக்கான். சாவிய அவன்கிட்ட குடுடா தம்பி. பொம்பளை கைக்கு வண்டி அடங்குமா?"

அவரும் யோசித்துவிட்டு, "திங்கக்கிழமை வரச் சொல்லுக்கா," என்றார்.

அன்று வெள்ளி. சாவி போனால் ஸ்டியரிங் பிடித்த கை மறுபடி கரண்டி பிடிக்க வேண்டியதுதான்.

சனிக்கிழமை விடிந்ததும் வண்டியை, கை வைத்தே கோளாறு சொல்வதால் ஊர் ‘நாடிக்காரர்’ என்று கூப்பிடும் மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனாள். டிரைவர்தான் சரியில்லை என்று மெக்கானிக் வாயாலேயே கேட்டுவிடலாமென்று புருஷனும் ஏறிக்கொண்டார்.

நாடிக்காரருக்குக் காது மந்தம். அதனால் லோடு ஏற்றும் தொட்டியில் குப்புறப் படுத்து, இரண்டு உள்ளங்கையையும் தகட்டில் பதித்து, "வளை!" என்பார். பட்டறை வாசலில் அவள் இரண்டு சுற்று வளைத்தாள். தூசியைத் தட்டிக்கொண்டு இறங்கினார்.

"பின் ஆயில் எப்ப மாத்தினீங்க?"

"ரெண்டு வாரமாச்சு!" என்று கத்தினார் புருஷன்.

"கத்தாதே மாப்ளை. செவிடுதான், குருடில்ல. வாயசைஞ்சா போதும்."

பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, வண்டியை நியூட்ரலில் விட்டு, நீள ஸ்பேனரால் அந்தச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். பிடிவாதமாக இறுகி நின்றது. ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, அதிலிருந்த காந்தத்தை விரலால் வழித்தார். சாம்பல் நிறப் பசைதான். இரும்புச் சில்லு ஒன்றுகூட இல்லை.

"கியர் பல்லும் நல்லா இருக்கு, தகடும் உசிரோட இருக்கு. இந்த வண்டிக்கு உள்ள தகடு அடுக்கு உண்டு தங்கச்சி. சேத்துல ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுத்தாம, ரெண்டையும் சேத்துப் பிடிக்கிறது அதுதான். ஆனா வளையிறப்ப வெளிச்சக்கரம் கூட ஓடணுமில்ல? அப்ப தகடு வழுக்கிக் குடுக்கணும். அதுக்குத்தான் ஆயிலோட ஒரு குட்டி பாட்டில் மருந்து தருவாங்க. ஊத்தினியா மாப்ளை?"

புருஷன் பட்டறைக் கூரையைப் பார்த்தார்.

"உன்னைத்தான்."

"ஓசியில குடுக்கறான்னு நினைச்சேன்... பீரோ கதவுக் கீலுக்கு விட்டுட்டேன்."

"அதான் பீரோ இப்பெல்லாம் சத்தமே போடலியா!" என்றாள் அவள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நான்கு சகோதரிகளோடு வளர்ந்தவளுக்கு எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று தெரியும்.

நாடிக்காரர் கொஞ்சம் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டுக் குட்டி பாட்டிலைக் கவிழ்த்தார்.

"ரெண்டு பாட்டிலா ஊத்திடுங்களேன்," என்றார் புருஷன், செய்த தப்புக்கு ஈடு கட்டுகிறவர் போல.

"கூடிப்போனா சேத்துல பிடிக்காது. ஒண்ணு போதும். காலி மைதானத்துல மெதுவா எட்டுப் போடுங்க, ஒரு பதினஞ்சு. மருந்து தகட்டுக்குள்ள இறங்கணும்."

"லைசன்ஸுக்கே ஒரு எட்டுதான் போடச் சொன்னாங்க," என்றாள் லோடு அக்கா.

மைதானத்தில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு விரலை மடக்கினார். முதல் மூன்றும் எலும்பை ஆட்டின. ஐந்தாவதில் உதறல் பாதியானது. எண்ணிக்கை ஏற ஏற, அவருடைய கண் அவள் கால் பக்கம் போனது. இடது கால் கிளட்சைத் தொடாமல் தரையில் சும்மா கிடந்தது.

பத்தாவது எட்டில் பின்னால் ஒரு முனகல்கூட இல்லை. அவர் போனை எடுத்தார்.

"அக்கா, உன் மகனை அனுப்ப வேணாம்."

"ஏன்டா, வண்டிய சரி பண்ணிட்டாங்களா?" நாத்தனாரின் குரல் வண்டிக்குள் முழுக்கக் கேட்டது.

"வண்டியக் கெடுத்தது நான்தான்கா. அவ நல்லாத்தான் ஓட்டுறா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஐந்து எட்டு பாக்கி இருந்தது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள்.