தமிழுக்குக் கீழே ஓடிய தமிழ்

திரையின் அடியில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அவற்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. திரையில் என் மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னா மாமு, தூங்கிகினு கீறியா?" என்று கோல்கீப்பரைக் கேட்கிறார். அடியில், "என்ன நண்பரே, உறங்கிக்கொண்டிருக்கிறீர்களா?" என்று எழுத்து வருகிறது. கூடவே 'டொய்ங்' என்று ஒரு சத்தம், யாரோ முகம் தெரியாத ஐம்பது பேர் சிரிக்கிற சிரிப்பு. தமிழ்ச் சேனல், தமிழ் நிகழ்ச்சி, பார்க்கிறவர்கள் தமிழர்கள். எங்கள் தமிழுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு!

மாமா என் அம்மாவின் தம்பி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூட்டை ஏற்றும் வேலை. ஆறு நாள் மூட்டை, ஏழாவது நாள் மைக். ஞாயிறு மாலை பிளாக்குக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் கால்பந்து நடக்கும். வாடகை மைக் செட், வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர், அதில் மாமாவின் வர்ணனை. பாதிக் கூட்டம் பந்தைப் பார்க்க வரும், பாதி இவரைக் கேட்க வரும்.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன, வீட்டுக்கு வீடு கேபிள். எனக்கோ டிவியைப் போட்டாலே எரிச்சல். கிரிக்கெட்டில் ஓவரின் கடைசிப் பந்து விழுந்து உருள்வதற்குள் பற்பசை விளம்பரம். சீரியலில் ஒரு பெண் திரும்பிப் பார்ப்பதை மூன்று முறை காட்டி, அதோடு அன்றைய கதையை முடிப்பார்கள். நகரத்தில் எங்கே கத்திக்குத்து நடந்தாலும் 'வடசென்னை' என்று சொல்லும்போது மட்டும் பின்னால் தனியாக ஒரு உறுமல் இசை. சினிமாவில் அடியாள் வாயைத் திறந்தால் எங்கள் பேச்சு. அவனை அடிக்கிறவன் பேசுவது வேறு பேச்சு. வாரம் முழுக்க இதையெல்லாம் விழுங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் குரலைக் கேட்டால், அடைத்த மூக்கு திறந்த மாதிரி இருக்கும்.

அவர் வெறும் ஆட்டத்தைச் சொல்லமாட்டார். வேகமாக ஓடுகிற பையனுக்கு 'மெயில் வண்டி' என்று பேர் வைத்திருந்தார். "மெயில் வண்டி கெளம்பிச்சு மாமு, சிக்னல் வுயுந்துச்சி, வழி வுடு, வழி வுடு... தோ, கேட்டாண்ட வந்து கவுந்துகினான்!" நடுவில் பொது அறிவிப்பும் வரும். "மூணாவது மாடி அக்கா, உன் அடுப்புல பால் பொங்குது, வாசன இங்க வரிக்கும் வருது. ரெப்ரீ அண்ணே, கண்ணாடிய தொடைச்சிக்கோ, பந்து கோட்ட தாண்டிப் போய் டீ குடிச்சிகினு கீது." மேலே துணி காயவைக்கிற பெண்கள் பதிலுக்குக் கத்துவார்கள். "நீ மொதல்ல உன் சட்டை பட்டன போடுய்யா!" அதற்கும் மைக்கிலேயே பதில் சொல்வார். பல வீடுகளில் ஞாயிறு மாலை டிவியை அணைத்துவிடுவார்கள். எந்தச் சேனலுக்கும் இல்லாத பெருமை அது.

இதை ஊரே கேட்கவேண்டும் என்று எனக்கு அரிப்பு. திறமைசாலிகளைத் தேடுகிறோம் என்று ஒரு சேனல் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் கடிதம் எழுதினேன், நாலு பக்கம். யாரும் என்னைக் கேட்கவில்லை, மாமாவையும் நான் கேட்கவில்லை.

வந்தார்கள். மாமா கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். தேய்த்த சட்டையும் ஜெல் தடவிய தலையுமாக வந்த நிகழ்ச்சிக்காரர், "சார், இன்னும் கொஞ்சம் லோக்கலா பேசுங்க" என்றார். மாமா என்னைப் பார்த்தார். "இன்னா நைனா, இதுக்கும் மேல எங்கருந்து லோக்கலு? நான் இங்கதான கீறேன்?" ஆனாலும் பேசினார். ஆட்டம் முடிந்ததும் காமிராவுக்கு முன்னால் நின்று, சிரிக்காமல், இன்னொன்றும் சொன்னார். மழை பெய்தால் மைதானத்தில் சாக்கடை ஏறுகிறது, பையன்கள் அதிலேயே விழுந்து புண்ணோடு ஆடுகிறார்கள், யாராவது பெரிய மனுசன் பார்த்தால் ஒரு கால்வாய் வெட்டிக் கொடுங்கள் என்று. இரண்டு இரவு மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு அது. நிகழ்ச்சிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான சனிக்கிழமை மாலை மாமா வீட்டில் உட்கார இடமில்லை. ஜன்னலில்கூடத் தலைகள். முதல் 'டொய்ங்'குக்கு நாங்களும் சிரித்தோம். இரண்டாவதற்குப் பாதிப் பேர். அப்புறம் டிவிக்காரர்கள் மட்டும் சிரித்தார்கள். மாமாவின் மனைவி, என் அத்தைக்குப் படிக்கத் தெரியாது. "கீய இன்னாடா எயுதிக்கீது?" என்று என்னைக் கேட்டார்.

"மாமா பேசறதைத்தான் எழுதியிருக்காங்க, அத்தை."

"அதான் காதுல வுயுதே. அப்பால எதுக்கு?"

கால்வாய் வரும், கால்வாய் வரும் என்று மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்வாய் வரவில்லை. சோப்பு விளம்பரம் வந்தது.

அதற்குப் பிறகு தொழிற்சாலை வாசலில் அவரைப் பார்த்தவர்களெல்லாம் 'டொய்ங்' என்றார்கள். பஸ்ஸில் ஒருவன், "என்ன நண்பரே" என்றானாம். மாமா வீட்டில் பேச்சைக் குறைத்தார். அடுத்த இரண்டு ஞாயிறும், "தொண்ட கட்டிகிச்சு" என்று மைக்கைத் தொடவில்லை. ஸ்பீக்கர் மரத்தில் சும்மா தொங்கியது. ஆட்டம் நடந்தது, ஆனால் சாவு வீட்டில் சாப்பிடுகிற மாதிரி ஆடினார்கள். என் கடிதம்தான் அந்தத் தொண்டையைக் கட்டியது என்று எனக்குத் தெரியும். சேனல்காரன் மேல் வந்த கோபத்தில் பாதியை நானே வாங்கிக்கொண்டேன். மீதிப் பாதி இன்னும் அவனுக்காகத்தான் இருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு திருவொற்றியூர் டீமோடு அரையிறுதி. மெயில் வண்டியே வந்து மாமாவின் கையைப் பிடித்து இழுத்தான். "நீ பேசலன்னா எனக்கு காலு வர்ல மாமா." எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் அவர் பேசினார்.

"பார்வையாளர்களுக்கு வணக்கம். பந்து தற்போது மைதானத்தின் வலது புறத்தில் உள்ளது. ஆட்டக்காரர் முன்னேறிச் செல்கிறார்."

ஒவ்வொரு சொல்லையும் தரையைத் தொட்டுப் பார்த்துக் கால் வைக்கிற மாதிரி வைத்தார். தப்பு வந்துவிடுமோ என்ற பயம் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. கேலியைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சொந்த மைதானத்தில், சொந்த மரத்தடியில், ஒரு மனுசனை வாடகைக்கு இருக்கிறவன் மாதிரி பேச வைத்துவிட்டார்களே. எங்கள் டீம் ஒரு கோல் வாங்கியது. "எதிரணியினர் ஒரு கோல் அடித்துள்ளனர்" என்றார். கோல் வாங்கியதற்குத் திட்டக்கூட ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அப்போது இரண்டாவது மாடியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. மைக்கே தேவையில்லாத குரல்.

"யோவ்! இன்னாய்யா பேசற? எனக்கு ஒண்ணியும் பிரியல! கீய எயுத்து வேற ஓடல!"

ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், மாடி மாடியாக, திருவொற்றியூர் பையன்கள் உட்பட. மாமா மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்கினார். கண்ணைத் துடைத்தார். மேலே அண்ணாந்து பார்த்தார்.

"பிரியலையா? தோ, பிரியற மாரி சொல்றேன் கேளு. ஒண்ணு வாங்கிகினு கீறோம். அத திருப்பிக் குடுத்துட்டுத்தான் இன்னிக்கு சோறு. டேய் மெயில் வண்டி, இன்னாடா நின்னுகினு கீற? சிக்னலு வுயுந்துச்சி, கெளம்பு!"