எடுக்கக் கூடாத அழைப்பு

“வெள்ளி. காலை ஏழரை. அக்கா: ஒரு மணி.” எனது நாட்குறிப்பின் பெரும்பாலான பக்கங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. எங்கள் ஊரான அக்கராயனில் அக்கா உலையில் அரிசி போட்டுவிட்டு எனக்கு அழைப்பு எடுப்பார். அங்கே பதினொரு மணி. இங்கே பேர்கன் நகரின் முதியோர் இல்லமொன்றில் நான் சமையலறை மேலங்கியை மாட்டிக்கொண்டிருப்பேன். தொலைபேசி ஒருமுறை அடித்து ஓயும். நான் எடுக்க மாட்டேன். பதிலுக்கு நானும் ஒருமுறை அடித்துவிட்டு வெட்டுவேன். அவர் சுகம், நானும் சுகம். கதைப்பதென்றால் முன்கூட்டியே சொல்லிவைத்துக் கதைப்போம். காலை மணியை எடுத்தால் அது கெட்ட செய்தி. ஒருநாள் கைதவறி எடுத்துவிட்டேன். அன்று முழுக்க அக்காவுக்கு நெஞ்சு படபடத்ததாம்.

என்னோடு வேலை செய்யும் காரி என்ற நோர்வேப் பெண் இதைப் பல நாள் கவனித்திருக்கிறார். ஒற்றை மணியில் வெட்டுகிறவர்கள் மோசடிக்காரர்கள், அந்த இலக்கத்தைத் தடுத்துவிடு என்றார். அது என் அக்கா என்றேன். பிறகு ஏன் எடுப்பதில்லை என்று கேட்டார். எடுத்தால் பயந்துவிடுவார் என்றேன். காரி என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். அடுத்த கிழமை ஒரு சாவியை என் கையில் வைத்தார். மலையில் அவர்களுடைய குடும்பத்துக்கு ஒரு ‘ஹித்தே’ இருக்கிறது. ஹித்தே என்பது மரக்குடில். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, தொலைபேசி அலை எட்டாது. இலையுதிர்கால விடுமுறையில் குடும்பத்தோடு போய் நாலு நாள் இருந்துவிட்டு வா, அங்கே உன்னை ஒருவரும் தொந்தரவு செய்ய முடியாது என்றார். என் அக்கா எனக்குத் தொந்தரவு அல்ல என்று விளக்குமளவுக்கு என் நோர்வே மொழி அப்போது கைகொடுக்கவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு பின்னேரம் புறப்பாடு. சனி காலை மகளின் தமிழ்ப் பள்ளி, மாலையில் நண்பர் வீட்டுப் பிறந்தநாள். மண்டபத்தில் பைலாப் பாட்டுக்கு ஆடி முழங்கால் பிடித்துக்கொண்டது. வந்து பார்த்தால் வீட்டில் துவைக்காத உடுப்பு மலைபோல் கிடந்தது. மெழுகுதிரி, தீப்பெட்டி, அரிசி, பருப்பு, இடித்த சம்பல், தண்ணீர்க் கலன் எல்லாம் வாசலில் குவிந்தன. என் மனைவி சுகந்தி புதுக்குடியிருப்பில் வளர்ந்தவர். பாத்திரங்களைச் சீலைத்துண்டில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று நிமிர்ந்து சிரித்தார்.

“இஞ்சாருங்கோ, இடம்பெயரேக்க கூட நான் இவ்வளவு கட்டேல்லை. உதுக்குப் பேர் ஓய்வாமோ?”

சிரித்துக்கொண்டே கடவுச்சீட்டுகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் அரிசிப் பைக்குள் செருகினார். பிறகு கேட்டார்.

“மச்சாளுக்குச் சொல்லிட்டீங்களோ?”

அக்காவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

சிறுவயதில் எங்களுக்கும் இப்படியொரு சனி ஞாயிறு வருடாவருடம் வரும். வற்றாப்பளை அம்மன் பொங்கல் வைகாசித் திங்கட்கிழமையில். அதற்கு முந்திய இரண்டு நாளும் அக்கராயனில் எங்கள் வீடு தலைகீழாகக் கிடக்கும். குளத்தில் உடுப்புத் தோய்க்கப் போய் அங்கேயே நீந்திக் கும்மாளமடித்து, ஈரத்தலையோடு வந்து அரிசி புடைப்போம். எல்லாவற்றுக்கும் அக்காதான் தளபதி. உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் பானையும் பாயும் பிள்ளைகளுமாக ஏறிப் போவோம். மாடுகளுக்காக அப்பா வீட்டிலேயே நின்றுவிடுவார். போய்ச் சேர்ந்தோமா என்று அவருக்குத் தெரிய ஒரு வழியும் இல்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. போனவர்கள் வருவார்கள். அந்த நிம்மதிக்கு ஒரு பெயர் வைக்கவேண்டுமென்று அன்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அந்த நிம்மதி போனது யுத்தத்தின் கடைசி மாதங்களில். நான் அப்போது நோர்வேக்கு வந்துவிட்டேன். அக்கராயனிலிருந்து இடம்பெயர்ந்த அக்கா, புதுக்குடியிருப்பில் ஒரு கடைத் தொலைபேசியிலிருந்து கடைசியாகக் கதைத்தார். பிறகு ஒன்றுமில்லை. வேலை செய்யாது என்று தெரிந்தும் அந்தக் கடை இலக்கத்தைத் தினமும் அழுத்தினேன். மாதங்கள் கழிந்தபின் ஒரு காலையில் தெரியாத இலக்கமொன்று ஒருமுறை அடித்து ஓய்ந்தது. திருப்பி எடுத்தேன். வவுனியா முகாமிலிருந்து, யாரோ ஒளித்து வைத்திருந்த கைத்தொலைபேசியில், “தம்பி” என்றார் அக்கா. எங்கள் ஒற்றை மணி அன்று தொடங்கியது.

ஞாயிறு காலை மணி அடித்தது. எடுத்தேன்.

“ஆருக்கு என்ன?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அக்கா. இண்டைக்கு மலைக்குப் போறம். நாலு நாளைக்குப் போன் வேலை செய்யாது.”

“ஏன், அங்கை என்ன பிரச்சினை?”

“பிரச்சினை இல்லை. ஓய்வுக்கு.”

“கரண்ட்?”

“இல்லை.”

“தண்ணி?”

“ஓடையில அள்ளோணும்.”

“கக்கூசு?”

“வெளியில, பலகையால அடிச்சிருக்கு.”

“உதுக்கோடா நோர்வேக்குப் போனனீ? இஞ்சை வந்திருக்கலாமே. எங்களிட்டைக் கரண்ட் கூட இருக்கு!”

சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அக்கா மறுபடி கேட்டார்.

“நாலு நாளோ?”

“வெள்ளிக்கிழமை காலமை நானே முதல் அடிப்பன். அதுவரைக்கும் அடிக்காதேங்கோ அக்கா. அடிச்சாலும் வராது.”

“நான் ஏன் அடிக்கிறன்? எனக்கு வேற வேலையில்லையோ? போட்டு வாங்கோ. பிள்ளையைத் தண்ணிக்கை விடாதேங்கோ. சோறு அடிப்பிடிக்குது, வைக்கிறன்.”

ஆனால் வைக்கவில்லை. ஒற்றை மணியில் வெட்டிப் பழகியவர் அன்று வெட்டத் தெரியாதவர்போல் நின்றார். கடைசியில் நான்தான் வெட்டினேன்.

ஹித்தே அழகாகத்தான் இருந்தது. வாசலில் அவுரிநெல்லிச் செடிகள் இலை சிவந்து கிடந்தன. மகள் ஓடைக்கரையை விட்டு வர மறுத்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும் ஏழரைக்கு என் கால்கள் என்னைக் கேட்காமல் வாசற்படிக்குப் போயின. எதிரே பனிமூட்டம், என் காதில் அக்கராயன் குசினியில் உலை கொதிக்கும் சத்தம்.

வெள்ளி காலை, வீடு திரும்பியபின், நான் அடித்தேன். முதல் மணி அடித்து முடியுமுன்பே அக்கா எடுத்துவிட்டார். அந்த நாலு நாளும் அடித்தீர்களா என்று கேட்டேன். “விசரோ உனக்கு? போகாத போனுக்கு ஆரும் அடிப்பினமோ?” என்றார். அவருடைய மகள் யாழினி சொல்வது வேறு. உலை வைத்த கையோடு அம்மா தினமும் முற்றத்தில் போய் நின்றாராம்; போன் காதில் இருந்ததா கையில் இருந்ததா என்று அவள் கவனிக்கவில்லையாம். அணைத்து வைத்த என் தொலைபேசியில் ஒரு பதிவும் இல்லை. அந்த நான்கு காலைகளிலும் நான் வாசற்படியில் நின்றதற்குச் சுகந்தி சாட்சி. அக்கராயனிலிருந்து மணி அடித்ததா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.