குப்பைக்கூடையில் கொட்டிய பர்மாங்கனேட்

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் லேபில் வேலை செய்கிறேன். நான் வேலை பழக்கிவிட்ட சுகந்தியின் மேசைதான் சுத்தம் என்று மேனேஜர் தினமும் புகழ்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று அவர் வரும் நேரம் பார்த்து, என் மேசையில் பர்மாங்கனேட் உப்பு சிந்திவிட்டது. அவசரமாக வழித்துக் குப்பைக்கூடையில் கொட்டினேன். அதில் கிளிசரின் துடைத்த பஞ்சு கிடந்ததை மறந்துபோனேன். சற்று நேரத்தில் கூடை புகைந்து, குப்பென்று தீப்பிடித்தது. சுகந்திதான் ஓடிவந்து வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தாள்.

"இன்னாக்கா இது! அந்த உப்பு தானா எரியாது, கூட இருக்கறத எரிய வச்சிடும்னு நீதானக்கா எனக்குச் சொல்லிக்குடுத்த?" என்றாள்.

இப்போது சிந்தும் உப்புக்கென்றே மூடி போட்ட தனி டப்பா வைத்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் மேனேஜர் கேட்டார்: "நல்லாருக்கே! சுகந்தி ஐடியாவா?"