எங்கள் ஆட்களுக்கு எந்த ஊர்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பர்மாவின் யாங்கோனில், லத்தா கடைவீதியில் ஒரு மாடியறைதான் வக்கீல் அலுவலகம். அங்கே வழக்குக் கட்டுகளைத் தூக்கியும் தேநீர் வாங்கி வந்துமே என் வாலிபம் போயிற்று. வக்கீல் கீழக்கரை வழி வந்த முஸ்லிம் தமிழர். பர்மிய வழக்கப்படி, அதிகாரிகளைப் போலவே அவரையும் மரியாதையாகச் சயா என்போம். சொத்து வழக்கு, அடிதடி எதையும் தொட மாட்டார். குடியுரிமை அட்டை கிடைக்காதவர்களோடு அதிகாரிகளின் விசாரணைக்குப் போவதும், அங்கே தோற்றால் மேல்முறையீடு எழுதுவதுமே அவருடைய தொழில்.

பாதி வழக்குகள் தோற்றதற்கு ஒரே காரணம்தான். அதிகாரி பர்மியில், "நீ எந்த ஊர்?" என்று கேட்பார். யாங்கோனுக்கு எதிர்க்கரையில் தன்லியினில் பிறந்து, பாகோ ஆற்றைத் தவிர வேறு ஆற்றையே பார்த்திராத நம் ஆள் நெஞ்சை நிமிர்த்தி, "பரமக்குடி பக்கம்" என்பான். அது தாத்தா கப்பலேறிய ஊர். நமக்குள் ஊர் என்றால் அதுதான். பெண் கேட்டுப் போனாலும் அதைத்தான் விசாரிப்போம். அதிகாரி அதையே பிறந்த ஊராக எழுதிக்கொள்வார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய?

என் அக்கா புருஷனும் அப்படிச் சொல்லித்தான் அட்டையைக் கோட்டைவிட்டார். அவர் மகள் பள்ளியின் கடைசி வகுப்பான பத்தாவதில் நன்றாகத் தேறியிருந்தாள். தகப்பனுக்கு அட்டை இல்லாமல் பொறியியல் கல்லூரியில் விண்ணப்பமே வாங்க மாட்டார்கள். சயா மேல்முறையீடு போட்டார்.

"யாரு கேட்டாலும் தன்லியின். கனவுல கேட்டாலும் தன்லியின்" என்று மச்சானுக்குப் பாடம் நடத்தினார்.

"அப்ப எங்க தாத்தா ஊரு, பாய்?"

"அட்டை தாத்தாவுக்கா வாங்குறோம்? சொன்னதச் சொல்லும்."

விசாரணையில் மச்சான் ஒழுங்காகவே பதில் சொன்னார். அதிகாரி வழக்குக் கட்டை மூடப் போனவர் நிறுத்தி, "எங்கள் தெருத் தமிழர்கள் எல்லோரும் ஏதோ ஓர் ஊர் சொல்கிறார்களே, உனக்கு எது?" என்று சிரித்தபடி கேட்டார். மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. விசாரணை அறையில் நான் வாய் திறந்ததே இல்லை. அன்றும் திறக்கவில்லை, பெஞ்சுக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன்.

என்னை முறைத்துக்கொண்டே அதிகாரியிடம், "தன்லியின்தான், சயா. அங்கே மீன் நன்றாகக் கிடைக்கும்" என்றார்.

அட்டை வந்தது. மருமகள் கல்லூரியில் சேர்ந்தாள். மச்சான் மட்டும், "கால ஒடைக்கப் பாத்த பய" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே த்வாண்டேயிலிருந்து ஒரு பானை வியாபாரி வந்தார். அவருக்கும் அட்டை மறுத்திருந்தார்கள். சயா நாற்காலியை இழுத்துப் போட்டு, எல்லாரிடமும் முதலில் கேட்பதைக் கேட்டார்.

"உக்காருங்க. உங்களுக்கு எந்த ஊரு?"

"தேவகோட்டைங்க."

"தேவகோட்டையா! எங்க மாமா அங்கதான கடை வச்சிருந்தாரு." சயா முகம் பூரித்துப் போயிற்று. இருவரும் பார்த்தே இராத ஊரைப் பற்றித் தேநீர் ஆறும்வரை பேசினார்கள். இவர்களை என்ன செய்வது என்று எனக்கு மண்டை காய்ந்தது.

"த்வாண்டே" என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவருக்கு ஊரு த்வாண்டே, சயா" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன கோப்பைகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.